வட்டியை வெட்ட முடியாது

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைமைச் செயலகமான திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் நான் குமாஸ்தா; எங்கள் பட்ஜெட் பிரிவுக்கு அவர்தான் சூப்பிரண்டு. ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. எந்தச் செலவையும் பேனாவால் அடிக்கும் முன் தலைப்பாகையைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார்.

அந்த வருஷம் சமஸ்தானத்தின் கடன் ஏறியிருந்தது. புதுக் கடன் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மறுநாள் பட்ஜெட் அச்சுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் குறைத்த பிறகும் துண்டு விழுந்தது. போனக்காடு தேயிலைத் தோட்டத்தருகே திறக்கவிருந்த தர்ம ஆஸ்பத்திரி ஒன்றுதான் மிச்சம்.

"உம்ம அக்கா அங்கேதானே இருக்கா? ஜுரம் உண்டோ?" என்று என்னைக் கேட்டார்.

"மழை பிடிச்சா வீடு தவறாம உண்டு சார். வட்டியிலே கொஞ்சம் குறைக்கப்படாதா?"

"வட்டியை வெட்ட முடியாது ஓய். கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போவான். ஜுரக்காரன் எங்கே போவான்?"

தலைப்பாகையைக் கழற்றினார். ஆஸ்பத்திரியை அடித்தார்.

மழைக்காலத்தில் தினமும் என் மேஜையருகே வந்து, "அங்கே எப்படி?" என்று நின்றுகொண்டே கேட்பார். தோட்டத்தில் ஒரு தாயும் கைக்குழந்தையும் ஜுரத்தில் போய்விட்டதை ஒரு நாள் சொன்னேன். திரும்பிப் போனார். அடுத்த வருஷத்து பட்ஜெட்டில் முதலில் அந்த ஆஸ்பத்திரியைத்தான் எழுதினார். மேலிடத்தோடு வாதாடி அதை நிற்கவும் வைத்தார்.

ஆஸ்பத்திரி திறந்த அன்று என்னோடு வரும்படி அழைத்தேன். "நான் வரப்படாது" என்றார்.

அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால் வேறெதை அடித்திருப்பேன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.