யவனர் என்றால் யார்?

இன்று மயிலாப்பூர் பிரவுசிங் சென்டரில் நண்பன் சலீமிடம் ஐந்தாவது முறையாகத் தோற்றேன்.

பழைய காலத்துப் படைகளை மோதவிடும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. "எந்த நாட்டை எடுத்தா ஜெயிக்கலாம்?" என்று தமிழ் எம்.ஏ. படிக்கும் அக்காவிடம் காலையிலேயே கேட்டிருந்தேன்.

"யவனர எடுடா. கப்பலுக்குப் பேர் போனவங்க."

சென்டரில் விளையாட்டைத் திறந்தால், நாடுகளின் பட்டியலில் யவனரே இல்லை. கிரேக்கர் இருந்தார்கள், ரோமர் இருந்தார்கள்.

"இன்னா மச்சி, இன்னும் யோசிச்சிக்கினு கீற?" என்றான் சலீம். அவசரத்தில் கிரேக்கரை அமுக்கினேன். அவன் ரோமரை எடுத்தான். இருபதே நிமிடத்தில் என் ஊர் எரிந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன்.

"கிரேக்கரும் யவனர்தான், ரோமரும் யவனர்தான். கடைசில யவனர்தானே ஜெயிச்சாங்க? நான் சரியாத்தான் சொன்னேன்" என்றாள்.

அப்படியானால் நான் எங்கே தவறு செய்தேன்? நம் குழுவில் இதைப் படிக்கும் யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள். சலீம் மட்டும் பதில் போட வேண்டாம்.