தராசு காட்டிய மைனஸ் ஒன்பது

தராசின் மேல் யாருமில்லை. திரையில் மைனஸ் ஒன்பது என்று இருந்தது. அவள் மறுபடி பார்த்தாள். பிறகு சுவரோரம் தள்ளி வைத்திருந்த இரும்பு நாற்காலியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே விமானம் ஓடுதளத்தின் கோடிக்கு உருண்டுகொண்டிருந்தது.

அண்ணிக்குக் குடல்வால் வெடித்திருந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும். அண்ணியால் நிற்க முடியவில்லை என்று நாற்காலியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, உட்கார வைத்து எடை எடுத்தாள். அது சரி. நாற்காலியை எடுத்த பிறகு பூஜ்யத்தைத் திருத்தவில்லை. அண்ணன் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே ஏறி நின்றான். அடுத்து மருந்துப் பெட்டியோடு நர்ஸ். அடுத்து ஆக்சிஜன் சிலிண்டர். ஒவ்வொன்றிலும் நாற்காலியின் ஒன்பது கிலோ காணாமல் போயிருந்தது.

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளுக்குப் பெயரே தராசுதான். தெருவில் எதிரே வரும் பெண்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு போவார்கள். எடை எடுக்கும்போது சுவரை ஒரு விரலால் பிடித்துக்கொள்கிறவர்களை, சாவிக்கொத்தையும் பர்ஸையும் பக்கத்து ஆள் கையில் திணிக்கிறவர்களை அவள் பார்க்காமலே கண்டுபிடிப்பாள். "நாலு கிலோவுல விமானம் விழுந்துடுமா?" என்று கேட்டவர்களிடம், "விழாது, ஏறாது" என்பாள்.

விமானம், ஆட்கள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூறு கிலோ. அதுதான் வரம்பு. பத்துக் கிலோ மிச்சம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். உண்மையில் பதினேழு கூடுதல். உச்சிவெயிலில் காற்று மெலிந்து கிடந்தது. ஓடுதளத்தைத் தாண்டினால் மின்கம்பி.

ரேடியோவை எடுத்தாள். கூப்பிட்டால் அண்ணன் இறங்க வேண்டியிருக்கும். பொத்தானை அமுக்கினாள்.

"கேப்டன், கிளம்பாதீங்க. திரும்பி வாங்க."

"என்ன தராசு, என் டிபன் பாக்ஸை விட்டுட்டேனா?"

"எடை தப்பு. வரம்புக்கு மேல பதினேழு கிலோ."

"பெட்ரோலை இறக்கலாமா?"

"அரை மணி நேரம் ஆகும். அண்ணி தாங்க மாட்டாங்க."

விமானம் திரும்பியது. அவள் வெயிலில் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்திருந்தான்.

"அண்ணா, இறங்கு."

"தப்பு பண்ணினது நீ. இறங்கறது நானா?"

"நர்ஸ் வேணும். சிலிண்டர் வேணும்."

"நான் வேண்டாமா? எண்பத்தொண்ணுன்னு நீதானே சொன்னே?"

"தொண்ணூறு."

"கொஞ்சம் கூட இருந்தா என்ன? நீங்க சொல்லுங்க கேப்டன், போக முடியாதா?"

"கம்பியைத் தாண்டுவோம்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் விமானி.

அண்ணி கண்ணைத் திறக்காமல் பேசினாள். "அண்ணனும் தங்கச்சியும் அப்புறமா அடிச்சுக்குங்க. ஒருத்தர் இறங்கித் தொலைங்க. என்னால இறங்க முடியாது."

அண்ணன் கையை விட்டான். இறங்கியவன் தங்கையைப் பார்க்கவில்லை.

விமானம் ஓடியது. அது எப்போதும் எழும் இடத்தைத் தாண்டியும் சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. பிறகு மண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கம்பிக்கு மேலே விமானம் சிறுத்துக்கொண்டே போனது.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்றான் அண்ணன். பஸ் நிலையத்தை நோக்கி நடந்தான்.

மறுநாள் காலை நர்ஸ் போன் செய்தாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அண்ணிக்கு நினைவு வந்திருக்கிறது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை என்றாள். அண்ணன் விடியற்காலையில் வந்து சேர்ந்தானாம். தங்கை அவனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவன் வாங்கவில்லை. ஒன்பது மணிக்கு அவள் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். விசாரணை முடியும் வரை அவளை டிக்கெட் கவுண்டரில் உட்காரச் சொன்னார். மத்தியான விமானத்துக்கு நான்கு டிக்கெட் கொடுத்தாள்.