நெரவிப் பக்கத்துப் பொத்தான்

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை முறைப்படி நடந்தது. அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது. கூடத்தின் நடுவே சுவர் எழுப்பச் செங்கல்லும் வந்து இறங்கியது. கொத்தனார்தான் நெடுங்காட்டில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பத்திரத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லை.

அந்த இடைவேளையில்தான் சித்தப்பா எனக்கு ரயில் பாதை போட்டார். பிரான்சிலிருந்து மாமா அனுப்பிய பொம்மை ரயில், மின்சாரத்தில் ஓடும். சித்தப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். பாதையை வட்டமாகப் போடாமல், தன் பாகத்தில் தொடங்கி எங்கள் பாகத்தில் முடியும்படி போட்டார். சுவர் வரவேண்டிய கோட்டை அது நேராகக் கடந்தது. அவர் பக்கத்துக்குக் கோட்டுச்சேரி என்றும் எங்கள் பக்கத்துக்கு நெரவி என்றும் பெயர் வைத்தேன். இரண்டு ஊரிலும் அப்போது ஸ்டேஷன் கிடையாது. அது ரயில்வேயின் குறை.

பிளைவுட் துண்டுகளில் சுவிட்சுகளையும் டார்ச் பல்புகளையும் பொருத்தி இரண்டு கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்தார். ஒன்றே போதும். ஆனால் அவருடைய ரயில்வேயில் எதிர் ஸ்டேஷன் சம்மதிக்காமல் வண்டி கிளம்பாது. எங்களுடையதும் அப்படித்தான்: கோட்டுச்சேரியில் சுவிட்சைப் போட்டால் நெரவியில் சிவப்பு விளக்கு எரியும், அங்கே பொத்தானை அழுத்தினால்தான் தண்டவாளத்தில் மின்சாரம் பாயும். நெரவிப் பலகையை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதல் நாள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"உங்கப்பாவ லைன் கிளியர் குடுக்கச் சொல்லுடா."

"நான் ரயில்வேல சம்பளம் வாங்கலன்னு உன் சித்தப்பாகிட்ட சொல்லு."

இரண்டையும் ஒப்பித்துவிட்டு அழுதேன். அழுகை அந்த வீட்டில் ஏற்கத்தக்க விண்ணப்பம். அப்பா அழுத்தினார்.

மறுநாள் முதல் கேள்விகள் வந்தன. என்ன வண்டி, எத்தனை பெட்டி. விவரம் தெரியாமல் அவர் எதற்கும் அனுமதி தந்ததில்லை. ஒரு சாயங்காலம் நான் சித்தியிடம் அதிரசம் தின்றுகொண்டிருந்தேன். நடுவில் தூது சொல்ல ஆளில்லை.

"என்ன வண்டிடா அது?" என்றார் அப்பா, நேராகவே.

"கூட்ஸுண்ணே. உப்பு ஏத்தியிருக்கு."

"உப்பா? மழையில நனைய விட்டுடாத."

எழப்போன என் கையைச் சித்தி விடவில்லை. என் உத்தியோகம் போன எரிச்சல் எனக்கு. சித்தப்பா உள்ளே வந்து, "பாத்துக்கிட்டே இரு, அண்ணன் சுவரு வேணாம்னு சொல்லிடும்" என்று சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்.

கொத்தனார் வந்தார். குறுக்கே கிடந்த தண்டவாளத்தைக் காட்டி, "இத எடுத்துடலாங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். சித்தப்பா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா குனிந்து ரயிலின் உயரத்தைக் கையால் அளந்தார்.

"எடுக்க வேணாம். அந்த எடத்துல மட்டும் ஒரு சாண் விட்டுக் கட்டுங்க. பய ரயிலு போவட்டும்."

சுவர் எழுந்தது. அடியில் அரைவட்டமாக, பூச்சு வேலையெல்லாம் செய்த குகை. தாராளமாக நடந்துகொண்ட திருப்தியில் அப்பா நாற்காலிக்குத் திரும்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையில் படுத்து, "சித்தப்பா, குகை வந்துருச்சு, வண்டிய விடுங்க!" என்று அந்தத் துவாரத்துக்குள் கத்திவிட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் வண்டி தயாராகத்தான் நின்றது. இவ்வளவு நல்ல குகை கிடைத்த பிறகும் அவர் ஏன் சுவிட்சைப் போடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.