உப்பை நிறுத்திய மாதம்

ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைகளிடம் வீட்டிலிருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் வாங்கியிருந்தேன். தலைப்பு, உப்பும் ரத்த அழுத்தமும். வீட்டில் அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர் பெரியப்பா ஒருவர்தான். மாட்டிக்கொண்டார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று எங்களோடு இருந்தார். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பெரியப்பா தானே போட்டுத் தனியாகச் சாப்பிடுவார். இனி அவருக்கு உப்பு கூடாது என்று சட்டம் போட்ட நாளிலிருந்து நான் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து காவல் காத்தேன். களியில் உப்பு கிடையாது. கீரையிலும் கிடையாது.

“ஊறுகாய மோந்தாச்சும் பாக்கலாமா மேடம்?”

“முடியாது பெரிப்பா.”

“செரி, உத்தரவு.” தட்டைக் காலி செய்வார்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் காபி கொண்டுபோனேன். பழைய கம்பெனிச் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஷிப்ட் பஸ் போய்விடும் என்று ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்களிடம் மட்டும் பேசும் கன்னடத்தில், “யாரம்மா நீனு?” என்றார்.

அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

“மறதி நோவுதான். எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிது” என்றார் பக்கத்து வீட்டம்மா. அம்மா அழுதாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“உப்பே இல்ல சார். நான்தான் நிறுத்துனேன். துளிகூட இல்ல.”

டாக்டர் பேனாவை மூடினார். “அவர் போடற மாத்திரையே உப்ப வெளியேத்தும் பாப்பா. நீ சாப்பாட்டுலயும் நிறுத்திட்ட. ரத்தத்துல உப்பு எறங்கி மூள கொழம்பிடுச்சி. இன்னும் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்.”

யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மூன்று நாள் வார்டில் பெரியப்பா கட்டில் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவுக்கு மூச்சு வந்தது.

“ஏண்ணா, வாயில வெக்க முடியலன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார்.

“இல்லப்பா. பாப்பா எதிர்ல உக்காந்துக்கினு இருக்கும். சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சி.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. உப்பில்லாத களி எப்படி நன்றாக இருக்கும்? இவருக்கு இன்னும் தெளியவில்லை என்று நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.