அம்மா வந்த அன்று நகர்ந்த கோடு

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் சாவி, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கோயிலுக்கு வெளியே செருப்பை விடுகிற மாதிரி என்று ஆளாளுக்கு அதே கேலியைச் சொல்வார்கள். எனக்கு அது சலித்துப்போயிருந்தது. உள்ளே காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தோம். அன்றைய வேலையைக் கெடுக்க ஒரு சாவிக்கொத்து போதும்.

ஊட்டிக்கு வெளியே, ஒரு எஸ்டேட் காலி செய்த பங்களா அது. தேயிலை விலை விழுந்து கிடந்த காலமாதலால் வாடகை சல்லிசு. இலை ஏற்றும் லாரிகளும் குறைந்திருந்ததால் அளவீடுகள் சுத்தமாக வந்தன. கட்டபெட்டுப் பக்கம் இன்னொரு எஸ்டேட் ஆபீசில் அப்பா குமாஸ்தா. சம்பளம் பாதிதான் வருகிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் கேட்டால், "இங்க ஒரு கொறையும் இல்ல கண்ணு, நீ படிக்கற வேலையப் பாரு" என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் அங்கே அப்படி என்னதான் செய்கிறேன் என்று அம்மாவுக்குப் பார்க்க வேண்டும். தாலிச் செயினில் கொத்தாகத் தொங்கிய ஊக்குகளைக் கழற்றித் தட்டில் போட்டாள். செயினைத் தொட்டபடி தயங்கி நின்றாள்.

"அது இருக்கட்டும்மா. தங்கத்த இந்த மெசின் கண்டுக்காது" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

உள்ளே விளக்கினேன். கண்ணாடிக் குடுவைக்குள் லேசரால் குளிரவைத்த அணுக்கள். ஒவ்வொரு அணுவையும் ஒரே சமயத்தில் இரண்டு வழிகளில் அனுப்பி மறுபடி சேர்ப்போம். அணுவும் ஒருவகை அலைதான். வழியில் காந்தப்புலம் இம்மி மாறினாலும் சேரும்போது அலைகள் பொருந்தாது, திரையில் கோடு நகரும். அப்பா தலையாட்டினார். அம்மா குனிந்து குடுவையைப் பார்த்தாள். கோடு நகர்ந்தது.

அவள் நிமிர்ந்ததும் கோடு பழைய இடத்துக்கு வந்தது. திரையைக் கவனித்துக்கொண்டிருந்த என் சீனியர், நல்ல மனிதர், "ஏனுங்கம்மா, ஊக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எல்லாத்தயும் வெளியவே வெச்சுட்டனுங்க." நம்பட்டும் என்று செயினை வெளியே இழுத்துக் காட்டினாள். கோடு திரையின் ஓரம்வரை ஓடியது.

கவரிங் நகைகளில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூசுவார்கள். இரும்பைப்போலவே நிக்கலுக்கும் காந்தம் உண்டு. எனக்கு அது பாடமாகத் தெரியும். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப அந்தச் செயின்…" என்று சீனியர் ஆரம்பித்தார்.

"மெசின்ல கோளாறுங்க" என்றேன். "காலைலருந்தே இப்படித்தான் காட்டுது."

காலையிலிருந்து கோடு அசையவே இல்லை என்பது அவருக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளிருகிறதாம்.

மாலையில் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். அப்பா முன்னால் ஏறி இடம் பிடித்தார். அம்மா படியில் ஒரு காலை வைத்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"அத்தன பாடுபட்டுச் செஞ்சிருக்கறீங்க. உன்ற மெசின் சரியாத்தான் கண்ணு காட்டுச்சு. இன்னொருக்கா யார்கிட்டயும் அதக் கோளாறுன்னு சொல்லாத."