ஆளில்லாத ஊரிலிருந்து எழுதுகிறேன்

தேனியில் நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேர நாளைதான் கடைசி நாள். இருப்பிடச் சான்று வாங்க இன்று அம்மாவோடு உத்தமபாளையம் போனேன்.

இ-சேவை மையத்து அக்கா எங்கள் ஊரின் குறியீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்தார். "சென்சஸ்ல ஆளில்லா கிராமம்னு இருக்கு. சான்று வராதும்மா."

"ஏத்தா, அப்ப உன் முன்னால நிக்கிறது பேயா?" என்றார் அம்மா. வரிசையே சிரித்தது.

அம்மா விடவில்லை. "கணக்கெடுக்கப் பகல்ல வந்தாக. நாங்க விடியமுன்ன ஜீப்பேறி குமுளி ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போயிருவோம். பூட்டுன வீட்டப் பாத்துட்டு ஆளே இல்லன்னு எழுதிட்டாக."

அந்த ஜீப்பில் ஏறத்தான் நான் எட்டாவதோடு நின்றேன். அதிலிருந்து இறங்கத்தான் இந்தப் பயிற்சி. அங்கே அம்மா கேட்டார். இங்கே நான் கேட்கிறேன்.

ஓட்டுக் கேட்பவர்கள் மட்டும் நாங்கள் வீடு திரும்பிய பிறகு சரியாக வருகிறார்களே, அந்த நேரத்தை அவர்களுக்கு யார் சொன்னது? தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். கணக்கெடுப்பவர்களுக்கும் சொல்லிவிடுவோம்.