பயிர் நிற்கையில்

என் வேலையைப் பற்றி அம்மா ஊரில் சொல்லி வைத்திருந்தது ஒரே வரிதான்: "பெங்களூர் கம்பெனிக்கு வீட்லேர்ந்தே குத்தகை பாக்குறான்." அது முழுப் பொய்யும் இல்லை. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கொரோனா சமயத்தில் பாபநாசம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. மாடி அறையில் உட்கார்ந்து கணினித் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னலுக்குள் இருந்துகொண்டு அந்தக் கார்டை மேய்க்கிற நிரல் அது. கார்டு தன்னிஷ்டத்துக்கு மெமரியில் எழுத முடியாது. எந்தப் புரோகிராமின் வேலையைச் செய்கிறதோ, அந்தப் புரோகிராமுக்கென்று முகவரிகளை நாங்கள் வரையறுத்துக் கொடுப்போம். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை எழுதலாம், தாண்டினால் அடுத்தவன் வயல். வேலை முடிந்ததும் இடத்தைத் திரும்ப வாங்கி வேறு ஆளுக்குக் கொடுப்போம்.

"நாள் முச்சூடும் அப்படி என்னத்தடா பாக்குற?" என்று அம்மா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "பயிரு நிக்கையில நெலத்தப் புடுங்கிட மாட்டீங்கள்ல?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க என் தலையைத் தின்றுகொண்டிருந்த பிழையே அதுதான். ஏதோ ஒரு புரோகிராம் பாதியில் செத்துப்போகும். எங்கள் டிரைவர் அவசரக் குடுக்கையாக அதன் முகவரிகளை அழித்து, இடத்தைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். ஆனால் கார்டு பழைய வேலையை இன்னும் முடித்திருக்காது. பழைய முகவரியையே நினைவில் வைத்துக்கொண்டு அங்கே எழுதும். சம்பந்தமே இல்லாத ஒருவருடைய தரவு நாசமாகும். இதற்கு மருந்து வரிசை மாறாமல் செய்வதுதான். முதலில் புது வேலை கொடுப்பதை நிறுத்த வேண்டும். கையில் இருப்பதை அது முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பழைய முகவரிகளை மறக்கச் செய்ய வேண்டும். இடத்தை வாங்குவது அதற்கெல்லாம் பிறகு. சொல்வதற்குச் சுலபம், எழுதப் போனால் நாக்குத் தள்ளியது.

எங்கள் பக்கம் இது எழுதி வைக்காத வழக்கம். குத்தகைக்காரரோடு எவ்வளவு பகை இருந்தாலும், கோர்ட்டில் வழக்கே நடந்தாலும், நிற்கிற பயிரோடு நிலத்தை வாங்க மாட்டார்கள். அறுத்துக்கொண்டு போகட்டும் என்று விடுவார்கள். அம்மாவுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் நடுப்பயிரில் இறக்கிவிடப்பட்டார். அவர் நிலக்காரருடைய மோட்டாரைக் கழற்றி விற்றவர். அம்மா, கூலிக்கு நாற்று நட்ட வீட்டில் பிறந்தவள். அதே வயல்களில் ஒன்றை, அப்பா போன பிறகும் விடாமல், குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். அந்த மோட்டார் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை, அந்த வரிசையைச் சரிசெய்யும் நிரலின் நடுவில் இருந்தேன். ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை என்னை வெளியே தள்ளியது. கரண்ட் போகவில்லை, நெட்டும் இருந்தது. மறுபடி உள்ளே போகப் பார்த்தால் கடவுச்சொல் தவறு என்றது. கொஞ்ச நேரம் கழித்து என் சொந்த மெயிலுக்குக் கடிதம் வந்தது. மறுசீரமைப்பாம். இன்றோடு முடிகிறதாம். என் பங்களிப்புக்கு நன்றியாம். பாதி எழுதிய வரி அங்கேயே கிடந்தது. செத்துப்போன புரோகிராமுக்குக் கூடக் காத்திருக்கச் சொல்லி எழுதுகிறவனுக்கு ஒரு வரி முடிக்க நேரம் கொடுக்கவில்லை.

வயலிலிருந்து வந்த அம்மா, காலில் சேற்றோடு, கொல்லைப் பக்கமே நின்றாள். பயிர் பொதியில் இருந்தது, இன்னும் கதிர் வெளியே வரவில்லை. மழை நிற்பேனா என்றது.

"வேலை போயிடுச்சும்மா."

"எத்தனாந் தேதியோட?"

"இன்னைக்கே. காலையிலயே போயிடுச்சு."

"கையில எடுத்த வேலை?"

"அப்படியே நிக்குது."

செம்பில் தண்ணீர் எடுத்தவள் காலைக் கழுவாமலே என்னைப் பார்த்தாள். "நீ என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நிறைய பேரை வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க."

"எல்லாரையுமா?"

"இல்ல. கொஞ்சம் பேரை."

"அந்தக் கொஞ்சம் பேர்ல நீ எப்படி வந்த?"

கடிதத்தை இன்னொரு முறை படித்தேன், அதில் காரணம் எதுவும் இல்லை. எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பே செய்யாதவனை நடுப்பயிரில் இறக்கிவிடுவார்கள் என்று அவளை நம்பவைக்க, அவள் வாழ்ந்த ஊரில் ஒரு உதாரணம்கூட இல்லை. அன்று இரவு எனக்கே சந்தேகம் வந்தது. யாரிடமாவது எடுத்தெறிந்து பேசினேனா, எதையாவது உடைத்தேனா என்று தேட ஆரம்பித்தேன்.

அதன்பின் அம்மா பாபநாசம் பஸ்ஸில் எல்லோரோடும் சேர்ந்து போவதை விட்டாள். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "லீவு" என்றாள். எனக்குச் சோறு போடும்போது வழக்கத்தைவிட அன்பாகப் போட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடச் சண்டை போட்டிருப்பேன். ஒரு நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "எதையாவது எடுத்துட்டு வந்துட்டியாடா?"

"என்னம்மா பேசுற?"

"அம்மாகிட்ட சொல்லலாம்."

நான் பாதியில் எழுந்து கையைக் கழுவினேன். அதையும் அவள் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எடுத்துப்போக ஆள் வரும் நாளன்று, கூடத்தில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இது அவங்களுதா?"

"கம்பெனியோடதும்மா. திருப்பிக் கேக்குறாங்க."

"அதானா." பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. என்ன புரிந்துகொண்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய், மடித்து வைத்திருந்த பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அடிபடாமல் இருக்க நாலு பக்கமும் அவளே வைத்து அமுக்கினாள். "வயரையும் வையி. ஒண்ணும் மிச்சம் வச்சுக்காத," என்றாள்.

கூரியர்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினார். நரைத்த மீசை, மழைக்கோட்டு. பெட்டியை நான் கொடுக்கும் முன் அம்மா வாங்கி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"யாருகிட்ட குடுக்குறீங்களோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. பையன் தெரியாம பண்ணிட்டான். பொருளு முழுசா வந்துடுச்சு, பெரிய மனசு பண்ணுங்கன்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய போனில் விரலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சொல்லிடுறேங்கம்மா," என்றார்.

வண்டி வாய்க்கால் மதகைத் தாண்டும்வரை அம்மா மழையில் நின்று பார்த்தாள். பிறகு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "இனிமே மனசைப் போட்டு உழப்பிக்காத. திருப்பிக் குடுத்தாச்சுல்ல? பயிரு இன்னும் நிக்குதுல்ல? அறுப்புக்குள்ள கூப்பிட்டுடுவாங்க."

நான் தலையாட்டினேன்.